உட்கார்ந்துவிட்ட எஸ்-கிளாஸ்: புது ஸ்ட்ரட்டா, ரீபில்ட்டா, காயில் ஸ்பிரிங்கா?

இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு மூலையில் மட்டும் டயர்மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் 'ஸ்டாப், கார் டூ லோ' என்று சிவப்பில் வரும். முன்பக்கத்திலிருந்து கம்ப்ரஷர் உறுமும், சில நிமிடத்தில் மூலை எழும்பும், எழுத்து மறையும். மாலையில் மறுபடி அதே கதை. 1998 முதல் 2005 வரை தயாரான டபிள்யூ220 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸை இன்று வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. அடுத்து வந்த டபிள்யூ211 இ-கிளாஸில் ஏர்மேட்டிக் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று தாங்கும் சஸ்பென்ஷன்) உள்ள வண்டிகளுக்கும் இதே நோய்தான்.

மெக்கானிக்கிடம் போனால் முதல் நிமிடத்திலேயே இரண்டு தீர்ப்பு காதில் விழும். "நாலு ஸ்ட்ரட்டும் மாத்திடுங்க சார்" என்பது ஒன்று. ஸ்ட்ரட் என்பது ஒவ்வொரு சக்கரத்திலும் வண்டியைத் தாங்கும் தூண்; காற்றடைத்த ரப்பரும், குலுக்கலை அடக்கும் டேம்பரும் அதில் சேர்ந்திருக்கும். "ஏர் வேலையே வேண்டாம், ஸ்பிரிங் போட்டுடலாம்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்வது என்பது பழுது எங்கே என்பதைப் பொறுத்தது. பல வண்டிகளில் அதைப் பார்ப்பதற்கு முன்பே பில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வி12 எஸ்600 போன்ற சில வண்டிகளில் இருப்பது ஏர்மேட்டிக் இல்லை, ஏபிசி. அதில் காற்றே கிடையாது. இரும்பு ஸ்பிரிங்கோடு ஹைட்ராலிக் சிலிண்டர், பம்ப், பச்சை நிற ஆயில். பானெட்டைத் திறந்து பச்சை ஆயில் டேங்க் தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

ஏர்மேட்டிக் பாதி மெக்கானிக்கல், பாதி எலெக்ட்ரிக்கல். காற்று கசியாமலேயே கார் எழும்பாமல் போகலாம். கம்ப்ரஷர் நிறைய கரண்ட் இழுக்கும் மோட்டார். பேட்டரி சோர்ந்திருந்தால் கன்ட்ரோல் யூனிட் அதை ஓட விடாது. அதனால் மல்டிமீட்டரை முதலில் டிக்கியில் உள்ள பேட்டரியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிச் சார்ஜ். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. சஸ்பென்ஷன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் கம்ப்ரஷர் சத்தமே இல்லையென்றால் என்ஜின் அறை ஃபியூஸ் பெட்டியில் அதற்கான பெரிய ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் புதியதை மாட்டிவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுத்ததால்தான் அது போயிருக்கும். புதியதும் ஒரு வாரத்தில் போகும். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு துளைகளையும் தடித்த ஒயரால் சில வினாடிகள் மட்டும் இணையுங்கள். கம்ப்ரஷர் ஓடினால் மோட்டாரும் ஒயரிங்கும் சரி, ரிலேயோ அதற்கு ஆணை தரும் பக்கமோ கெட்டிருக்கிறது. ஓடவில்லையென்றால் கம்ப்ரஷர் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். ஓடும் நிலையில் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு. கடலோர ஊர் வண்டிகளில் இது சகஜம்.

ரிலேயைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மொத்த அமைப்பிலேயே மலிவான பொருள் அதுதான். கசிவு இருக்கும் வண்டியில் நாளுக்குப் பல முறை ஆன், ஆஃப் ஆகி அதன் கான்டாக்ட் கருகும். ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாவியை எடுத்தாலும் கம்ப்ரஷர் நிற்காது. சூடேறி உள்ளே பிஸ்டன் ரிங் கரைந்துவிடும், அல்லது பேட்டரி தீர்ந்துபோகும். வண்டியை அணைத்த பிறகும் முன்பக்கம் தொடர்ந்து உறுமுவது கேட்டால் யோசிக்காமல் ரிலேயைப் பிடுங்குங்கள். கம்ப்ரஷர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரிலேயையும் மாற்ற வேண்டும். பழைய ரிலேயோடு புதுக் கம்ப்ரஷரைப் போடுவது, ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு புதுக் கிணறு வெட்டுவது போல.

எந்த மூலை, எவ்வளவு நேரத்தில்

மின்சாரம் சரியென்றால் கசிவு வேட்டை. இதற்கு ஸ்கேனரை விட டேப் அதிகம் பேசும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கதவைத் திறக்காமல், மறுபடி அளந்து பாருங்கள்.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஸ்ட்ரட் அல்லது அதற்குப் போகும் குழாய். முன்பக்கம் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் காற்றை ஒவ்வொரு ஸ்ட்ரட்டுக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கைச் சந்தேகிக்கலாம், ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு ஸ்ட்ரட் ஒரே காலத்தில் போவதும் உண்டு. எதுவுமே இறங்கவில்லை, ஆனால் ஓட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்றால் லெவல் சென்சார். முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சென்சார்கள். அவற்றின் கைக்கு நடுவில் இருக்கும் சின்ன பால் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகும், அல்லது கழன்று தொங்கும். கார் உண்மையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாமல் போகும். இப்படி ஒரு ஜாயின்ட்டுக்காக ஸ்ட்ரட்டையே மாற்றிய வண்டிகள் இருக்கின்றன.

அடுத்து சோப்பு நீர். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு பங்கும் தண்ணீரில் பத்துப் பங்கும் கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தி வண்டியை உயர நிலைக்கு ஏற்றிவிட்டு, ஸ்ட்ரட்டின் மேல் தொப்பி, குழாய் நுழையும் நட், வால்வ் பிளாக்கின் ஒவ்வொரு வாய், கம்ப்ரஷரின் வெளிக்குழாய் எல்லாவற்றிலும் அடியுங்கள். பெரிய கசிவென்றால் உடனே கொப்பளிக்கும். சின்னக் கசிவு ஐந்து நிமிடம் கழித்து வெண்ணுரை போலப் பூக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

முன் ஸ்ட்ரட்டில் காற்றைப் பிடித்து வைக்கும் பெல்லோ ரப்பர் ஒரு அலுமினியக் குழலுக்குள் ஒளிந்திருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. கீழே உள்ள தூசிக் கவரை மேலே தள்ளிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் மணலும் சேறும் உள்ளே போய், ரப்பர் மடிந்து உருளும் வளைவில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டார்ச் அடித்தால் அந்த மடிப்பில் கிடைவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். வெடிப்பு தெரிந்தால் சோப்பு நீர் தேவையில்லை, அந்த ஸ்ட்ரட் முடிந்தது. சில சமயம் கசிவு மேல் மவுன்ட்டுக்கு அடியில் உள்ள சீலில் இருக்கும். அங்கே கை போகாது, நுரை மட்டும் வெளியே வழியும்.

வால்வ் பிளாக்கா ஸ்ட்ரட்டா என்று இன்னும் குழப்பம் இருந்தால், பிளாக்குக்கும் குழாய்க்கும் நடுவில் ஷட்-ஆஃப் வால்வுடன் ஒரு பிரஷர் கேஜைப் போடச் சொல்லுங்கள். வால்வை மூடிய பிறகும் முள் இறங்கினால் ஸ்ட்ரட் பக்கம். முள் நின்றால் பிளாக். இதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் ஸ்ட்ரட் வாங்காதீர்கள்.

புது ஒரிஜினல்

இப்போது தேர்வுக்கு வருவோம். 4மேட்டிக் (நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகும் வகை) அல்லாத டபிள்யூ220-க்கு முன் ஸ்ட்ரட் எண் ஏ 220 320 24 38. இடது, வலது இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்கம் ஏ 220 320 50 13. 4மேட்டிக் வண்டியில் முன் ஸ்ட்ரட் வேறு; எண்ணைச் சரிபார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் திருப்பி அனுப்பும் செலவு தனி.

புது ஒரிஜினலில் பெல்லோ, டேம்பர், அதன் இறுக்கத்தை மாற்றும் ஏடிஎஸ் வால்வ், மேல் மவுன்ட் எல்லாம் புதியது. சவாரி பழையபடி வரும். கஷ்டம் விலையில்தான்: நான்கும் போட்டால், பழைய எஸ்-கிளாஸ் இன்று விற்கும் விலையோடு போட்டி போடும் பில் வரலாம். பெட்டியைத் திறந்ததும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அலமாரியில் பல வருடம் கிடந்த ரப்பருக்கும் வயது ஏறியிருக்கும். பில்ஸ்டீன் பெயரில் வரும் பி4 ஏர் ஸ்ட்ரட் இதே தரத்தில், மெர்சிடிஸ் பெட்டி இல்லாமல் கிடைக்கும். புதிதாகத்தான் வேண்டும் என்பவர் அதையும் விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

ரீபில்ட்

பழைய ஸ்ட்ரட்டைப் பிரித்து, புதுப் பெல்லோ போட்டு, டேம்பரைச் சோதித்து, மறுபடி அடைத்து விற்பது. பெரிய தயாரிப்பாளர்கள் செய்யும்போது புது ரப்பர் நல்ல தரம், ரப்பரைப் பிடிக்கும் கிரிம்ப் வளையம் மெஷினில் அழுத்தியது, கையில் வாரண்டி. விலை ஒரிஜினலை விட வெகுவாகக் குறையும். பெரும்பாலான வண்டிகளுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் ரீபில்ட் என்ற பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: டேம்பர் சோதித்ததா, அதன் ஏடிஎஸ் காயில் வேலை செய்கிறதா? பெல்லோவை மட்டும் மாற்றிவிட்டு, எண்ணெய் கசியும் பழைய டேம்பரை அப்படியே விட்ட ஸ்ட்ரட்டில் காற்று நிற்கும், வண்டி படகு மாதிரி ஆடும். டேம்பர் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பெல்லோ மட்டும் மாற்றுவது

சில பட்டறைகளில் ஸ்லீவ் ரப்பரை மட்டும் வரவழைத்து மாற்றித் தருகிறார்கள். மலிவு என்பதால் ஆசை காட்டும். உயிர்நாடி கிரிம்ப் வளையம். ரப்பரை உலோகத்தோடு சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு அழுத்தும் கருவி வேண்டும். ஹோஸ் கிளாம்ப் போட்டு ஸ்குரூ முறுக்கித் தருகிறார் என்றால் அந்த ஸ்குரூ இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடி, எதிர்ப்பக்கம் குறையும். ஸ்பீடு பிரேக்கரில் ஒரு நாள் டப் என்று கழன்றுகொள்ளும். கருவி இருக்கும் இடத்தில், டேம்பர் நல்ல நிலையில் உள்ள பின்பக்கத்துக்கு இந்த வழி சரி. முன்பக்கத்துக்கு வேண்டாம்.

புதுப்பேட்டைப் பழையது

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் எஸ்-கிளாஸ் ஸ்ட்ரட் தேடினால் கிடைக்கலாம். வாங்காதீர்கள். கணக்கு எளிது: இந்த மாடல் 2005-ல் நின்றுவிட்டது. மாற்றப்படாத ஸ்ட்ரட் என்றால் அதன் ரப்பர் உங்கள் வண்டி ரப்பரின் வயதுதான். அதிலும் கழற்றி காற்றில்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் மடிப்பிலேயே வெடித்திருக்கும்.

அதே புதுப்பேட்டையில் வாங்கக்கூடியவை வேறு: வால்வ் பிளாக், லெவல் சென்சார், அதன் கைகள், வீல் ஆர்ச் லைனர், பிராக்கெட். வால்வ் பிளாக்கின் ஒவ்வொரு சோலனாய்டுக்கும் 12 வோல்ட் தொட்டுப் பாருங்கள். எல்லாம் 'டிக்' என்று சொல்ல வேண்டும். பிளாக்கின் குழாய் வாயில் ஊதினால் ஈரமோ வெள்ளைப் பொடியோ வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கம்ப்ரஷரில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் தீர்ந்து சிலிக்காப் பொடி பிளாக் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

காயில் ஸ்பிரிங் மாற்றம்

ஆதரவாளர்களும் எதிரிகளும் சூடாகப் பேசும் இடம் இது. கிட்டில் நான்கு ஸ்பிரிங்-டேம்பர் யூனிட்டும், டேஷ்போர்டு எச்சரிக்கையை அடக்க ஒரு மின் மாட்யூலும் வரும். ஒருமுறை போட்டால் கம்ப்ரஷர், ரிலே, பிளாக், குழாய் எல்லாவற்றுக்கும் விடுமுறை. காலையில் கார் உட்கார்ந்திருக்காது என்ற நிம்மதி பெரியது, அதை மறுக்க முடியாது.

இழப்பது மூன்று. முதலாவது, எஸ்-கிளாஸின் மிதப்பு. சாலைக்கு ஏற்ப இறுக்கத்தை மாற்றும் ஏடிஎஸ் போய்விடுகிறது. கிட்டின் டேம்பர் ஒரே தன்மையில் இருக்கும். இரண்டாவது, உயர்த்தும் பட்டன். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் நீளமான இந்த வண்டியின் வயிறு தட்டாமல் போக அது உதவுகிறது. மூன்றாவது, சுமை சமன். பின்னால் மூன்று பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் ஏறினால் ஏர் கார் தானாக நிமிரும். ஸ்பிரிங் கார் பின்னால் தாழும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மாற்றிய பின் ஹெட்லைட் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து உயரத்தைச் சரி செய்ய வேண்டும். மாட்யூல் இல்லாமல் வெறும் ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, எச்சரிக்கையை மறைக்க டேஷ்போர்டில் கைவைக்கும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே இடத்தில்தான் பிரேக் எச்சரிக்கையும் வரும்.

யாருக்கு இது பொருந்தும்? மாதத்துக்கு ஓரிரு முறை எடுக்கும் வண்டி, ஏர்மேட்டிக் தெரிந்த பட்டறை அருகில் இல்லாத ஊர், பெரும்பாலும் இரண்டு பேர் மட்டும் போகும் பயணம், வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை: போடலாம். விற்கப் போகும் வண்டியில் போடாதீர்கள். எஸ்-கிளாஸ் தேடி வருபவர் முதலில் அழுத்திப் பார்ப்பதே அந்தப் பட்டனைத்தான்.

கம்ப்ரஷரை மறக்காமல்

எந்த ஏர் வழியை எடுத்தாலும் கம்ப்ரஷரைத் தனியாகச் சோதியுங்கள். வெளிக்குழாயில் கேஜைப் போட்டு ஓட்டுங்கள். முள் தயங்காமல் 10 பாரைத் தாண்ட வேண்டும். அதற்கே திணறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மாதக்கணக்கில் கசிவுக்கு ஈடுகொடுத்து ஓடிய கம்ப்ரஷர் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். ரிங்கும் சிலிண்டரும் சேர்ந்த கிட் கிடைக்கிறது. ரிங்கை மட்டும் மாற்றி, கோடு விழுந்த பழைய சிலிண்டரில் போட்டால் சில மாதத்தில் மறுபடி அதே நிலை. டிரையரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். முழுக் கம்ப்ரஷர் வேண்டுமென்றால் எண் ஏ 220 320 01 04.

ஒரே நேரத்தில் எத்தனை ஸ்ட்ரட் மாற்றுவது என்ற கேள்விக்கு எங்கள் பதில்: ஒரு அச்சில் இரண்டு. ஒரு முன் ஸ்ட்ரட் போய்விட்டால் இன்னொன்றும் அதே நாள் பிறந்தது. ஆனால் முன்னே போனதற்காகப் பின்னே நல்ல நிலையில் உள்ளதைக் கழற்ற வேண்டியதில்லை. கணக்குப் போட்டால், ரீபில்ட் முன் ஜோடி, ரிலே, தேவைப்பட்டால் கம்ப்ரஷர் கிட்: அநேக வண்டிகளுக்கு இவ்வளவுதான் வேலை.

மாட்டும்போது கெடுப்பது

நல்ல ஸ்ட்ரட்டை முதல் பத்து நிமிடத்தில் கொல்ல முடியும். காற்றில்லாத பெல்லோவின் மேல் வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தவறான இடத்தில் மடிந்து கிள்ளப்படும். அங்கேதான் பிறகு வெடிக்கும். ஜாக்கியை இறக்குவதற்கு முன் ஸ்ட்ரட்டில் காற்று ஏற வேண்டும். பட்டறையில் மெர்சிடிஸ் ஸ்கேனர் இருந்தால் அந்த மூலையை மட்டும் நிரப்பச் சொல்லலாம். இல்லையென்றால், சக்கரத்தை மாட்டிவிட்டு, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவுக்கு ஜாக்கியை இறக்கி, ஸ்டாண்டைக் காவலுக்கு வைத்து, என்ஜினை ஓட விட்டு உயர்த்தும் பட்டனை அழுத்தி, காற்று ஏற ஏற மெல்ல இறக்க வேண்டும். ஏர் கார் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் அடியில் போகக் கூடாது.

குழாய் நுழையும் நட்டைப் பழைய பித்தளை வளையத்தோடு திரும்ப மாட்டாதீர்கள். புது ஸ்ட்ரட்டோடு புதிய ஃபிட்டிங் வரும். குழாயின் நுனியைக் கூரான பிளேடால் நேராக வெட்டி, அடிவரை தள்ளி, நட்டை மிதமாக இறுக்கினால் போதும். அடி போல்ட்டின் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தொங்கும்போது கொடுக்கக் கூடாது. கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது கொடுங்கள், இல்லையென்றால் அங்குள்ள ரப்பர் புஷ் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஏடிஎஸ் ஒயர் சக்கரத்தைத் திருப்பும்போது உரசாதபடி பழைய கிளிப்பிலேயே பிடிக்க வேண்டும். பிறகு ஸ்கேனரில் உயரக் கேலிபரேஷன், அதன்பின் வீல் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் அலைன்மென்ட் காசு வீண்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் வண்டியை ஓர் இரவு பட்டறையிலேயே நிறுத்துங்கள். மாலையில் டேப்பால் எடுத்த நான்கு அளவையும் சீட்டில் எழுதி வைப்பருக்கு அடியில் சொருகிவிட்டு வாருங்கள். காலையில் மெக்கானிக் முன்னால் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சோப்பு பாட்டிலை அங்கேயே கையில் எடுக்கலாம்.